கோப்பு புரட்டும் பேராசிரியர்

கேள்வி: எம்.எட். முடித்த என் மகள், கல்வி நிர்வாகத்தில் பிஎச்.டி. செய்து பேராசிரியராவேன் என்கிறாள். ஆயுள் முழுக்கக் கோப்பு புரட்ட இவ்வளவு படிப்பு தேவையா?
– ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: கோப்பை இவ்வளவு இளக்காரமாகச் சொல்லிவிட்டீர்களே! பள்ளி மாறும்போது கேட்கும் மாற்றுச் சான்றிதழ், அதான் டி.சி., அதுவும் ஒரு கோப்பிலிருந்து வரும் தாள்தான். விழுப்புரத்திலிருந்தோ சேலத்திலிருந்தோ பிழைப்புத் தேடி தில்லிக்கு வரும் குடும்பம் அந்தத் தாளுக்காகப் பள்ளி வாசலில் நிற்பதைப் பல முறை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புவரை, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. கேட்ட டி.சி.யைத் தராமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர்மேல் ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடமுண்டு. இருந்தும், "டி.சி. கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பிப் போகிற பெற்றோர் இருக்கிறார்கள். சட்டம் ஏன் அந்த மேஜைவரை வந்து சேரவில்லை? உங்கள் மகள் படிக்கப்போவது அதைத்தான்.

2025 ஜூனில், தில்லி ஜங்புராவில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. தகுதியுள்ளவை என்று ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கியது நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். இடிக்கும் தேதியைக் குறிக்கும்போதே எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும், தமிழை எங்கே படிக்கும் என்பதையும் முடிவுசெய்ய வேண்டாமா? அதை முடிவுசெய்யும் கூட்டத்தில் பொறியாளருக்கு இருக்கும் நாற்காலி கல்வி நிர்வாகம் தெரிந்தவருக்கும் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறினால் உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பேராசிரியர் பதவிக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிகளின்படி, பிஎச்.டி.யோடு குறைந்தது 10 ஆண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரை. படிக்க வெளியூர் போக வேண்டாம். தில்லியிலேயே ஸ்ரீ அரவிந்தோ மார்க்கில் நீபா, அதாவது தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம், இருக்கிறது. 1962-ல் ஆசிய நாடுகளின் கல்வி அதிகாரிகளுக்காக யுனெஸ்கோ தொடங்கிய பயிற்சி மையம் அது. 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை உண்டா என்று மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கும் 'டைஸ்' முறை உருவானது அங்கேதான். அதுவும் கோப்புதான் அம்மா!

என் சண்டை அந்த யு.ஜி.சி. விதியோடுதான். 10 கட்டுரை கேட்கிறார்கள். ஒரு பள்ளியில் ஓராண்டாவது வேலை பார்த்தாயா என்று கேட்பதில்லை. நெ.து. சுந்தரவடிவேலு கீழ்நிலைப் பள்ளி ஆய்வாளராக இருந்து படிப்படியாக மேலே வந்தவர். காமராஜர் காலத்தில் கல்வித் துறை இயக்குநராக மதிய உணவை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார். 1969-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். பள்ளித் திண்ணையிலிருந்து துணைவேந்தர் அறைவரை போன அப்படிப்பட்டவர்களுக்கு பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய மதிப்பெண் பட்டியலில் இடமே இல்லை. இதை மாற்றும்வரை நான் விடப்போவதில்லை.

மகளைத் தடுக்காதீர்கள். ஆனால் பிஎச்.டி.க்கு முன்னால் இரண்டு ஆண்டாவது ஒரு அரசுப் பள்ளியில், கெஸ்ட் டீச்சராகவாவது, வேலை பார்க்கட்டும். ஏப்ரலில் சேர்க்கை நடக்கும்போது அலுவலக அறையில் போய் உட்காரட்டும். ஆய்வுத் தலைப்பு அங்கேயே கிடைத்துவிடும். நரேலா பக்கம் இடம் கிடைத்தால், தூரம் என்று யோசிக்காமல் அனுப்பிவையுங்கள்.