ரியர் வீல் டிரைவ் காரை விற்காதீர்கள், முதலில் டயரைப் பாருங்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு ரியர் வீல் டிரைவ் (எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும்) செடான் வாங்கியிருக்கிறேன். இனிமேல் பனி கொட்டும் மாதங்கள். இந்த வண்டி பனிக்கு ஆகாது, விற்றுவிட்டு ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் வண்டி) வாங்கு என்கிறார் நண்பர். டிக்கியில் மணல் மூட்டை போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். பின்னால் மட்டும் இரண்டு வின்டர் டயர் போட்டால் செலவு பாதியாகுமே, அது சரிவருமா?

பதில்: விற்க வேண்டாம். நான்கு வின்டர் டயர் வாங்குங்கள். இரண்டு போதாது, இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பின்னால் மட்டும் போட்டால் வண்டி நன்றாகக் கிளம்பிவிடும், அதனாலேயே தைரியம் வந்து வேகம் கூடும், ஆனால் திருப்புவதும் பெரும்பாலான பிரேக் வேலையும் முன்சக்கரங்களுடையது, அவை பழைய டயரில் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். ஆல் வீல் டிரைவும் கிளம்பத்தான் உதவும். பிரேக் எல்லா காரிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு, நிற்பது டயரைப் பொறுத்தது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும், வெறும் ‘எம்+எஸ்’ (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றிருந்தால் அந்த உத்தரவாதம் இல்லை. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும், வின்டர் டயர் இளக்கமாகவே இருக்கும். தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள்: டயரில் 3524 என்றிருந்தால் 2024-இன் 35-ஆவது வாரம். பல நாடுகளில் சட்டம் டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும் என்கிறது, ஆனால் 4 மி.மீ.க்குக் கீழே போனால் பனியில் பிடிப்பு நன்றாகவே குறைந்துவிடும், அதனால் பாதி தேய்ந்த டயரை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். குளிர் ஏற ஏற காற்றழுத்தமும் இறங்கும், அடிக்கடி பாருங்கள்.

மணல் மூட்டை கிளம்பும்போது கொஞ்சம் உதவும், முன்னால் எஞ்சின் இருக்கும் வண்டியில் பின்பக்கம் எடை குறைவு என்பதால். ஆனால் கூடுதல் எடையை நிறுத்தவும் கூடுதல் தூரம் வேண்டும், கட்டாமல் வைத்தால் மோதலில் அது முன்னே பாயும். பின் அச்சுக்கு நேர் மேலே கட்டி வைக்கலாம், நல்ல டயர் போட்ட செடானுக்கு அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது.

பழைய வண்டி என்பதால் இன்னொன்று. வழுக்கும் கார் படம் போட்ட விளக்கு, ஸ்டார்ட் செய்யும்போது எரிந்து அணைகிறதா? அது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். அணையாமல் எரிந்தால் பனிக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள், ரியர் வீல் டிரைவில் பின்பக்கம் வீசிப் போவதைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஓட்டும்போது அதை அணைக்காதீர்கள். பனியில் சிக்கிச் சக்கரம் சுற்றாமல் நின்றால் மட்டும் டிராக்ஷன் கன்ட்ரோலை (சக்கரம் வழுக்கிச் சுற்றினால் எஞ்சின் சக்தியைக் குறைக்கும் வசதி) கொஞ்ச நேரம் அணைத்து வெளியே எடுங்கள், எடுத்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஓட்டும் விதம். கால் மெதுவாக இருக்கட்டும், மேனுவல் என்றால் இரண்டாவது கியரில் கிளம்பிப் பாருங்கள். வேகத்தைக் குறைக்கச் சட்டென்று கியரை இறக்காதீர்கள், எஞ்சினின் பிடி பின்சக்கரங்களில் மட்டும் விழுவதால் ஹேண்ட் பிரேக் இழுத்த மாதிரி பின்பக்கம் வெளியே போகும். அப்படிப் போனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கை மிதிக்காமல், போகவேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் திருப்புங்கள், வண்டி நேராகும்போதே ஸ்டீயரிங்கையும் நேராக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் வீசும். பாலங்களில் கீழேயும் குளிர்காற்று வீசுவதால் மற்ற சாலையைவிட முன்னாடியே உறையும், அங்கே ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

மலைப்பாதை என்றால் பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டும் செயின் வாங்குங்கள், உங்கள் வண்டிக்கு அது பின்சக்கரத்தில் போட வேண்டியது. உங்கள் டயர் அளவுக்குச் செயின் ஒத்துவருமா என்று வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள், காய்ந்த தரையில் ஒருமுறை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.