முகம் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை

கேள்வி: மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் தம்பிக்குக் காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகப் பெரிய வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, அடுப்படியிலிருந்து களைத்து வந்த அயித்தையிடம், "என் மேல் என்ன கோபம்?" என்று சண்டைக்குப் போனான். அண்மையில் கணவரை இழந்த பெரியம்மா கண்கலங்கி நிற்க, "சாப்பாடு எப்போது?" என்றான். இது திமிரா, மருந்து வேலை செய்யவில்லையா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: திமிர் இல்லை, ஆச்சி. பிறர் முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் திறன் குறைவது இந்நோயின் ஒரு பகுதி. சிரித்த முகத்தை ஓரளவு சரியாகக் கண்டுகொள்பவர்களும் அச்சம், துயரம், கோபம் ஆகியவற்றில் தடுமாறுவார்கள். சும்மா இருக்கும் முகத்தைக்கூடக் கோப முகமாக எடுத்துக்கொள்வதுண்டு. கண்ணின் பார்வை எங்கெங்கே செல்கிறது என்று கருவியால் பதிவுசெய்த ஆய்வுகளில், இவர்கள் எதிரே இருப்பவரின் கண்ணையும் வாயையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே பார்ப்பது தெரியவந்தது. உணர்ச்சி பெரிதும் வெளிப்படுவதோ அவ்விரண்டில்தான்.

இதனுடன் கவனம், நினைவாற்றல், கண்டதைக் கேட்டதை விரைந்து உள்வாங்கும் வேகம் ஆகியவையும் குறைகின்றன. நொடியில் மாறிவிடும் முகபாவத்தை, பத்துப் பேர் ஒரே சமயம் பேசும் பட்டாலைக் கூடத்தில் அவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

குரலையும் வீண் சந்தேகத்தையும் அடக்குவதில் மாத்திரைக்கு உள்ள பலன் இத்திறன்களில் சொற்பமே. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பக்கூடும். ஆனால் அயித்தை தனக்குக் கெடுதல் நினைக்கிறார் என்று நாள்கணக்கில் சாதித்தாலோ, தூக்கம் கெட்டாலோ, அது வேறு விஷயம். மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

வாய் திறக்காமல் முகத்தைச் சுளித்தே காரியம் நடத்தும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். தம்பியிடம் அது செல்லாது. "அயித்தைக்குக் களைப்பு, உன்மேல் கோபமில்லை", "பெரியம்மா அழுகிறார், பக்கத்தில் போய் உட்கார்" என்று ஒவ்வொன்றாக, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். குத்திப் பேசுவது கூடவே கூடாது. ஓயாமல் குறைசொல்லும் வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன.

கவனத்துக்கும் நினைவாற்றலுக்கும் பயிற்சிகள் உண்டு. படங்களைக் கொண்டு முகபாவத்தைக் கண்டறியப் பழக்குவதும் பலருக்கு உதவியிருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்நோயாளிகளின் மறுவாழ்வுக்காகவே உழைத்துவருகிறது. அவசர ஆலோசனைக்கு அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-ஐ இரவிலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.