கையில் கைப்பேசி இல்லையென்றால் ஆபத்தில்லையா?

கேள்வி: மலேசியாவின் பிறை நகரிலிருந்து தினமும் பினாங்குப் பாலம் வழியாகத் தீவுக்கு வேலைக்குச் செல்கிறேன். கைப்பேசியைக் கையில் எடுப்பதில்லை, ஒலிபெருக்கியில்தான் பேசுகிறேன். இதிலும் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதையே மலேசியச் சட்டம் தடை செய்கிறது என்பதால், மற்றதெல்லாம் பாதுகாப்பானது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் பேச்சில் மனம் ஆழ்ந்துவிட்டால், கண் சாலையிலேயே இருந்தாலும் முன்னால் செல்லும் காரின் பிரேக் விளக்கு எரிவது புத்தியில் உறைக்கத் தாமதமாகும். அருகில் அமர்ந்திருப்பவராவது நெரிசலைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது என்பதால், அழைப்பவர் யார் என்று திரையை இரண்டு வினாடி பார்ப்பதற்குள் 44 மீட்டர் போய்விடும். புறப்படும் முன்பே வழிகாட்டிச் செயலியில் போகுமிடத்தைப் பதிவு செய்து, அறிவிப்புகளை முடக்கிவிடுங்கள். அவசர அழைப்பு வந்தால், பாலத்தைக் கடந்தபின் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பேசுங்கள்.