படைப்பொன்றின் கருப்பொருளைக் கட்டுரையில் ஆராய்வது எப்படி?

உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர், தாம் எழுதும் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் 'கதையைச் சொல்லியிருக்கிறீர், ஆராயவில்லை' என்று ஆசிரியர் எழுதிவிடுவதாகவும், கவிதையாயினும் திரைப்படமாயினும் அதன் கருப்பொருளை எப்படிக் கண்டு எழுதுவது என்றும் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்குத் தமிழ் கற்பித்து, அவர்களின் கட்டுரைகளைத் திருத்தி வருபவன் என்ற வகையில் என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

மாணவர் பலர் கருப்பொருள் என்று எழுதுவது பேசுபொருளைத்தான். 'இக்கவிதையின் கருப்பொருள் சாதியம்' என்று எழுதினால், கவிதை எதைப் பற்றியது என்பது மட்டுமே தெரிகிறது. அதைப் பற்றிக் கவிதை என்ன சொல்கிறது என்பது இன்னும் வரவில்லை. ஆகவே கருப்பொருளை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். அந்த வாக்கியத்தை இன்னொரு வாசகர் மறுத்துப் பேச இடமிருக்க வேண்டும். 'சாதிப் பாகுபாடு தீயது' என்பதை எவரும் மறுக்கப் போவதில்லை. அதனால் அதை நிறுவுவதற்கும் உங்களிடம் ஒன்றும் இருக்காது.

யாழ்ப்பாணத்து அளவெட்டியிற் பிறந்த ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் (து. உருத்திரமூர்த்தி) 'தேரும் திங்களும்' கவிதையை எடுத்துக்கொள்வோம். ஊர் கூடித் தேர் இழுக்கிறது, நாமும் வடம் பிடிப்போம் என்று ஓர் இளைஞன் வருகிறான், தடுக்கிறார்கள், கலவரம் மூண்டு கொலை விழுகிறது, தேர் நின்றுவிடுகிறது. இவ்வளவும் கதை. இதை ஒன்றரைப் பக்கத்துக்கு விரித்து எழுதிவிட்டு, இறுதியில் 'இவ்வாறு கவிஞர் சாதியத்தைச் சாடுகிறார்' என்று முடிக்கும் கட்டுரைகளே எனக்கு மிகுதியாக வருகின்றன. இனிக் கவிதை எவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வந்தவன் எந்தக் குலத்தவன் என்று கவிஞர் சொல்லவில்லை. உலகத்தாய் நொந்து சுமந்து பெற்ற மகன் என்றும், தோளும் கையும் கண்ணில் ஒளியும் உடையவன் என்றும், முழுநிலவைத் தொட்டு மீண்டவனின் தம்பி என்றுமே அவனை அறிமுகப்படுத்துகிறார். குலத்தைச் சுட்டும் பேச்சு, தடுப்பவர்களின் வாயிலிருந்துதான் கவிதைக்குள் நுழைகிறது. அவர்களுக்கோ பெயரே இல்லை. 'ஓராள்', 'மற்றோராள்' என்று ஒரு சொல்லுக்கு ஓராளாகக் கத்துகிறார்கள். வன்முறை நேரும் இடம் இதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது. கல் விழுகிறது, கழுத்து வெட்டுண்கிறது, நிலம் சிவக்கிறது. எறிந்தவன் யார், வெட்டியவன் யார் என்று எந்த வாக்கியமும் சொல்வதில்லை.

இவற்றைக் கண்ட பிறகு எழுதக்கூடிய வாக்கியம் வேறாகிவிடும்: 'நிலவைத் தொடும் அளவுக்கு வளர்ந்த மனித இனம் அருகில் நிற்பவனை மனிதனாகக் காணத் தவறுகிறது என்றும், அந்தத் தவறு கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வதால் எவரும் அதற்குப் பொறுப்பேற்பதில்லை என்றும் இக்கவிதை காட்டுகிறது.' இதை மறுக்கலாம். கவிதையின் வரிகளைக் கொண்டே நிறுவவும் செய்யலாம். காலப் பின்னணியும் இந்த இடத்தில்தான் பயன்படும். சாதியின் பேரால் தடுக்கப்பட்டோர் கோயிலுக்குள் செல்லும் உரிமை கேட்டு நடத்திய மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968 இல் நடந்தது. மனிதன் நிலவில் இறங்கியது 1969 யூலையில். இவ்விரண்டையும் முதற் பந்தியிலே தகவலாகக் கொட்டிவிட்டு மறந்துவிடாமல், இந்த மண்ணில் அத்தனை அண்மையில் நடந்த போராட்டம் இருந்தும் கவிதை ஓர் ஊரின் பெயரையும் ஏன் குறிப்பிடவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு நல்ல பந்தி எழும்.

படைப்பே தன் கருப்பொருளை அறிவித்துவிடும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். சிலப்பதிகாரத்தின் முன்னுரையாக அமைந்த பதிகம் மூன்று உண்மைகளைச் சொல்லிவிடுகிறது. மாணவரும் அவற்றை அப்படியே எழுதிப் புள்ளி எதிர்பார்க்கிறார்கள். ஆனால் 'அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதும்' என்பதும், 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்பதும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. எல்லாம் ஊழ் என்றால் அரசன் எப்படிக் குற்றவாளி ஆவான்? கொலைக்களக் காதையில் 'வினைவிளை காலம் ஆதலின்' என்று ஊழைச் சொன்ன கையோடு, 'தேரான் ஆகி' என்று அரசன் ஆராயாமையையும் இளங்கோ சேர்த்தே சொல்கிறார். வழக்குரை காதையில் கண்ணகியும் 'தேரா மன்னா' என்றே தொடங்குகிறாள். உண்மை தெரிந்ததும் பாண்டியன் ஊழின்மேல் பழிபோடாமல் 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான். ஆகவே, ஊழை முழுதும் நம்பும் காப்பியம் ஆள்பவனின் பொறுப்பைச் சிறிதும் குறைக்கவில்லை என்று வாதிடலாம். அப்படி வாதிட்டால், கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கோவலனின் முற்பிறப்பு வினையை எடுத்துரைப்பதையும் நீங்கள் சந்தித்தே ஆகவேண்டும். உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் பகுதியை மறைக்கும் கட்டுரையைவிட, அதை எடுத்துப் பேசி விடை சொல்லும் கட்டுரையையே நான் எப்போதும் உயர்வாக மதிப்பேன்.

திரைப்படத்துக்கும் இதே முறைதான். சான்றுகள் மட்டும் வேறு. நம் மாணவர் வசனத்தை மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள். வெகுசன சினிமாவில் நெடுங்காலமாக வரும் ஓர் அமைப்பைப் பாருங்கள்: குடிசையில் வளர்ந்த நாயகன், பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று படம் முழுவதும் பேசுகிறான், பாடுகிறான், கடைசியில் அவன் பெரிய வீட்டிலிருந்து தொலைந்துபோன பிள்ளை என்று தெரியவந்து, அதன் பிறகே திருமணம் நடக்கிறது. வசனம் சொன்னதை முடிவு மறுத்துவிடுகிறது. படத்தின் கருப்பொருள் வசனத்தில் இருக்கிறதா, கதையின் முடிவில் இருக்கிறதா என்பதே கட்டுரையின் கேள்வியாக வேண்டும். அதற்கு யாருடைய முகம் அண்மைக் காட்சியில் (குளோஸ்-அப்) காட்டப்படுகிறது, பாடல் எந்த இடத்தில் வருகிறது, கடைசி முடிவை யார் எடுக்கிறார் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கவிதைக்கு வரியைக் காட்டுவதுபோல, படத்துக்கு எந்தக் காட்சி, யார் யாரிடம் பேசும்போது என்று கட்டுரையிலேயே தெளிவாக எழுதுங்கள். திருத்துபவர் அந்தப் படத்தைப் பார்த்திராவிட்டாலும் உங்கள் வாதத்தைத் தொடர முடிய வேண்டும்.