தோட்டா மருந்து அளவிக்குப் பனைமரத்தில் ஸ்டாண்ட் செய்யலாமா?

அமெரிக்காவில் தோட்டா நிரப்பும் மச்சானுக்குக் கீழக்கரையிலிருந்து பனைமர ஸ்டாண்ட் செய்து அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் அது ஆடவே கூடாது. ஒரு குழியில் வெடிமருந்தை நிரப்பித் தோட்டாவுக்குள் கொட்டும் அந்த அளவி எடை பார்ப்பதில்லை, கொள்ளளவைத்தான் பார்க்கிறது. கைப்பிடியை இழுக்கும்போது ஸ்டாண்ட் அதிர்ந்தால் மருந்துத் துகள்கள் நெருங்கிப் படிந்து, அதே குழியில் கூடுதல் எடை இறங்கும். தோட்டாவில் அது ஆபத்து.

முற்றிய பனையின் வைரம் பாய்ந்த வெளிப்பகுதியை எடுங்கள், உள்சோறு உதவாது. ஆணி அடித்தால் சிம்பு சிம்பாகப் பிளக்கும், துளையிட்டு போல்ட் போடுங்கள். அளவியைத் தாங்கும் மேல்தட்டு மட்டும் இரும்பாக இருக்கட்டும். பல அளவிகளின் மரை 7/8 அங்குலம். மச்சானிடம் கேட்டுவிட்டுத் துளை போடுங்கள். நம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் முன் ரெட் ஆக்சைடு அடித்துவிடுங்கள். அப்புறம், இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், ஸ்டாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.