பதில்: காலையில் தட்டும் எஞ்சின், "எல்லாம் சரி" என்னும் டீலர்

வணக்கம் சகோதரரே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாங்கி நாலு மாதமே ஆன கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டல் சத்தம், ஆயிலும் குறைகிறது. டீலரோ "சத்தமே இல்லை" என்று அனுப்பிவிட்டார் என்கிறீர்கள். படிக்கவே கோபம் வந்தது.

உங்கள் வீடு இருக்கும் சாட்ஸ்வர்த்திலிருந்து டீலரிடம் ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடும், பிறகு சத்தம் எப்படிக் கேட்கும்? முந்தின நாள் சாயங்காலமே வண்டியை அங்கே விடுங்கள். நீங்கள் வரும்வரை யாரும் சாவி போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, காலை முதல் ஸ்டார்ட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். வீட்டில் எடுத்த வீடியோவும் கையில் இருக்கட்டும்.

ஜாப் கார்டில், அதாவது டீலர் எழுதும் வேலைச் சீட்டில், "பொதுச் சோதனை" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். ஆயில் குறைவதை அளந்து பார்க்கவும் எழுத்தில் கேளுங்கள்: அளவாக நிரப்பி, சீல் வைத்து, குறிப்பிட்ட தூரம் ஓட்டியபின் மறுபடி அளப்பார்கள். நடுவில் ஆயில் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். மேலும் ஓட்டினால் பழி உங்கள் மேல் வரும்.

நாலு மாதம் என்பதுதான் உங்கள் பலம். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: ஆறு மாதத்துக்குள் குறையுள்ள வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் பழுதுபார்ப்பா, மாற்று வண்டியா, பணமா என்பது உங்கள் தேர்வு. பழுதுபார்த்து மூன்று மாதத்துக்குள் குறை மறுபடி வந்தால், மாற்று வண்டியோ பணமோ தந்தாக வேண்டும். சில்லறைக் குறைக்கு இது செல்லாது. அதனால்தான் ஆயில் அளந்த கணக்கு அவசியம். இந்த வாரமே டீலருக்கு ஈமெயில் அனுப்புங்கள். மசியாவிட்டால் மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடம் இதே காகிதங்களோடு புகார் கொடுங்கள்.