சிவப்பைக் கறுப்பாக்கும் பிலிம்

கேள்வி: அண்ணா, இவ்வளவு நாளும் எச்பி5 என்கிற கறுப்பு வெள்ளைப் பிலிமில்தான் படம் எடுத்தேன். இப்போது முதல் தடவையாக இல்ஃபோர்ட் ஓர்தோ பிளஸ் என்கிற இன்னொரு கறுப்பு வெள்ளைப் பிலிம் ஒரு ரோல் கிடைத்திருக்கிறது. வருகிற மாதம் மாமாவின் மகளுக்குச் சாமத்தியவீடு. அதற்கே போடட்டுமா?
(வாசகர், உப்புவெளி)

பதில்: வேண்டாம் தம்பி. சாமத்தியவீட்டுக்கு உங்களுக்குப் பழகிய எச்பி5தான் சரி. ஓர்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலமும் பச்சையும்தான் தெரியும், அதனால் பிள்ளையின் சிவப்புச் சேலை கறுப்பாக விழும், நம்முடைய மாநிறமும் இன்னும் இருண்டு போகும். வெயிலில் ஐஎஸ்ஓ 80 என்று வைக்கிற பிலிம் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் 40தான், இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடத் தேவை, மண்டபத்துக்குள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

ஆனால் வெளியில் எடுத்துப் பாருங்கள், ஆசையாக இருக்கும். என் முதல் ரோலில் முற்றத்துச் செவ்வரத்தையை எடுத்தேன். சாதாரண பிலிமில் பூவும் இலையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாகத்தான் வரும், இதிலோ பூ கரியாகவும் இலை வெளிறியும் வந்தது. அடுத்த படம் அம்மா. நெற்றிப் பொட்டு மை வைத்ததுபோல அப்படி ஒரு கறுப்பு. கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைப் பட்டையும் இதில் நன்றாகப் பிரியும், கோணேசர் கோயில் பக்கம் போகும்போது நினைவில் வையுங்கள். வானம் மட்டும் வெள்ளையாகிவிடும், முகில் தெரியாது. அதற்காகச் சிவப்பு ஃபில்டர் போட்டுவிடாதீர்கள், படமே விழாது.

நல்ல வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப்11, ஷட்டர் வேகம் செக்கனில் 125இல் ஒன்று. நம்முடைய கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிற நேரம்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் அந்த வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் அதையும் கணக்கில் எடுக்கும், பிலிம் எடுக்காது. அதனால் ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டிக் கொடுங்கள். சந்தேகமான இடத்தில் அதே காட்சியை மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டொப் கூட்டி ஒன்று என எடுத்துக் கொப்பியில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கழுவி எடுத்த பிறகு எது எதுவென்று தெரியாது.

கழுவும்போது, வழக்கமாகப் பாவிக்கிற டெவலப்பரையே (படத்தை வெளிக்கொண்டு வருகிற மருந்து) பாவியுங்கள், அதையும் சேர்த்து மாற்றினால் வித்தியாசம் பிலிமாலா மருந்தாலா என்று குழம்பிப்போவீர்கள். மருந்து 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், நம்முடைய பைப் தண்ணீர் அவ்வளவு குளிராக வராது. மருந்துப் போத்தலை ஐஸ் போட்ட வாளிக்குள் வையுங்கள், ஐஸை மருந்துக்குள் போடாதீர்கள்.